பவுடர் போட்டுக்கொண்டு தோல் டாக்டரிடம்

எங்கள் வீட்டுக்காரரைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போக நான் பட்ட பாடு இருக்கிறதே... என்னைப் பெண் பார்க்க வரக்கூட மனிதர் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

மலையாள எல்லையோரம் இருக்கிற முதலமடையில் அவருக்கு மாங்காய் வியாபாரம். சீசன் சூடு பிடித்த நேரத்தில் உதட்டைச் சுற்றியும் விரல்களிலும் கருகினாற்போலப் புண், அரிப்பு. "தானாப் போயிரும்" என்று நாளை ஓட்டினார். போன வாரம் வெளியூர் வியாபாரி ஒருவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, எட்ட நின்றே சலாம் வைத்தார். அப்படியே பக்கத்துத் தோப்புக்காரரிடம் லோடு பேசப் போய்விட்டார். ஒட்டுவாரொட்டி என்று பேர் கிளம்பினால் வியாபாரம் என்ன ஆகும்? அன்றைக்குத்தான் ஆடிப்போனார்.

"ஏம்புள்ள, அந்தத் தோல் டாக்டரு எப்ப இருப்பாங்க?"

பக்கத்துக் கொல்லங்கோட்டில் கிளினிக். டாக்டரம்மா மலையாளி. கிளம்பும்போது பார்த்தால் — முகம் முழுக்கப் பவுடர்!

"டாக்டரம்மா முன்னாடி அசிங்கமா இருக்கக் கூடாதில்ல?"

தோலைக் காட்டப் போகிறவர் தோலை மறைத்துக்கொண்டு போகலாமா? டாக்டர் முதல் வேலையாக அவரை முகம் கழுவ அனுப்பினார். பிறகு லென்ஸும் லைட்டுமாக விரல்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தினமும் மாங்காயைப் புரட்டிப் புள்ளி கண்டுபிடிக்கிற மனிதர், தன்னை இன்னொருவர் தரம் பார்ப்பதைத் தாங்க முடியாமல் நெளிந்தார்.

அடுத்து கேள்விகள். எப்போது ஆரம்பித்தது? வீட்டில் வேறு யாருக்காவது உண்டா? இதுவரை என்னென்ன தடவினீர்கள்? இதற்கு நான் முந்திக்கொண்டேன். தேங்காய் எண்ணெய், மஞ்சள், பக்கத்து வீட்டு ட்யூப், டூத் பேஸ்ட்... டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நீங்கள் போனாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த ட்யூப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். கொஞ்சம் திட்டு விழும், அவ்வளவுதான்.

"என்ன ஜோலி?"

"பிசினஸுங்க." மாங்காய் என்று சொன்னால் தோப்புப் பக்கமே போகாதே என்பாரோ என்று பயம்.

"எது தொட்டா கூடுது?"

"பால் பட்டா எரியுதுங்க."

"பாலோ? அப்போ சாய வேண்டா. தைரும் வேண்டா."

டீயும் தயிரும் போச்சு. எங்கள் ஆள் மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிறார். நான் விடுவேனா?

"அது மாட்டுப்பால் இல்லீங்க டாக்டர். மாங்காய்ப் பால். இவரு காம்பைக் கடிச்சுத் துப்பித்தான் காய் பாப்பாருங்க."

காம்பில் வழிவதும் எங்களுக்குப் பால்தான். மலையாளத்தில் அதற்குச் 'சொன' என்று பேர். டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டில் எழுதியதை அடித்தார். இது யாருக்கும் ஒட்டாது, களிம்பு போட்டால் ஆறிவிடும் என்றார். அப்பாடா... எனக்கே அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் ஒன்று. ஆறும்வரை மாங்காயில் கை வைக்கக் கூடாது. வாய் வைக்கவே கூடாது.

சீசன் நேரத்தில், முதலமடைக்காரரிடம் சொல்கிற பேச்சா இது? எங்கள் ஆள் ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

"ஏனுங்க டாக்டர்... அந்த மாட்டுப்பாலையே நிறுத்திக்கட்டுங்களா?"