தம்பிக்குப் பால் கொடுத்தவள்

பர்மாவின் தென்கோடியில், கடற்கரை ஊர் ஒன்றில் அப்பாவுக்கு அரிசி மில் வேலை. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து மாதம். எல்லாரும் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். காய்ச்சலில் கிடந்த அம்மாவால் நடக்க முடியாது. அப்பா ஒரு மீன்படகைப் பிடித்தார். படகுக்காரன் எங்களை ஒரு தீவில் இறக்கிவிட்டு, தண்ணீர் எடுத்து வருவதாகப் போனவன் வரவே இல்லை.

மூன்றாம் நாள், படகிலேயே பிறந்து படகிலேயே சாகும் கடல் ஜனங்கள் அந்தப் பக்கம் வந்தார்கள். ஓலைக்கூரை போட்ட படகுகள். அடுப்பு, நாய், பிள்ளைகள் எல்லாம் அதற்குள்ளேயே. அம்மாவுக்குப் பால் வற்றி, தம்பி சத்தமில்லாமல் கிடந்தான். கைக்குழந்தைக்காரி ஒருத்தி இறங்கி வந்து, எதுவும் கேட்காமல் அவனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சண்டை முடியும்வரை அவள் படகில்தான் இருந்தோம். சிப்பிக்கறியும் காட்டுக்கிழங்கும் தின்றோம். அம்மா பிழைத்தாள். தம்பி பால் கொடுத்தவளையே அம்மா என்று நினைத்து வளர்ந்தான்.

ஊர் திரும்பக் கப்பல் இருப்பதாகத் தகவல் வந்தது. புறப்படும் நாளில் அவன் அவள் கழுத்தை விடவில்லை. அம்மாதான் விரல் விரலாகப் பிரித்தாள். அவள் தடுக்கவில்லை. கப்பலுக்கு எங்களை ஏற்றிப்போன தோணியின் பின்னாலேயே வெகுதூரம் துடுப்புப் போட்டு வந்து, பிறகு நின்றுவிட்டாள்.

திண்டுக்கல்லில் அத்தை வீட்டில் ஒண்டினோம். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை கிடைத்தது. தம்பி வாசலில் நின்று, அந்த ஜனங்களின் பேச்சில் அவளைக் கூப்பிட்டு அழுவான்.

"யாரைக் கூப்பிடுறான் இவன்?" என்று அத்தை கேட்டாள். அம்மா உள்ளதைச் சொன்னாள்.

"எந்தச் சாதியோ, என்னத்தைத் தின்பாளோ. அம்புட்டையும் இதோட விட்டுரு. வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

இருப்பது அத்தை வீடு. அதன்பின் அவன் கூப்பிடும்போதெல்லாம் அம்மா அவன் வாயைப் பொத்தினாள். சில மாதங்களில் அவனே நிறுத்திவிட்டான். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஊர்ப்பிள்ளைகள் மாதிரியே பேசினான்.

அறுபதுகளில் அவனுக்கு வேலை கிடைத்தது. வடமதுரையில் பெண்ணும் நிச்சயமானது. அத்தை அப்போது உயிரோடு இல்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், மத்தியானச் சாப்பாட்டின்போது அம்மா அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் சோற்றில் கைவைத்தபடியே கேட்டான். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையேம்மா."

"தெரியும்ப்பா."

"அவங்க பேரு?"

"கேட்டுக்கிடலை. அக்கான்னுதான் கூப்பிடுவேன்."

"ஒரு லெட்டர் போட்டா?"

அப்பா நிமிர்ந்தார். "படகுல இருக்கிறவளுக்கு எந்த அட்ரஸ் எழுதுவே? பர்மாவுல இருந்து வந்து இறங்குறவங்க கிட்டயெல்லாம் நானும் கேட்டுட்டேன். யாருக்கும் தெரியலை."

தம்பி கை கழுவினான். வடமதுரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பத்திரிகைப் பையை எடுத்துக்கொண்டு, "கல்யாணம் முடியட்டும்மா, பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பேசவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். எதைப் பேசுவது என்று எங்களில் யாருக்குமே தெரியவில்லை.