கடைசி ஆளின் கழி

இதை நம்பச் சொல்லி யார் காலிலும் விழப்போவதில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். பேய் என்றாலே சிரிக்கிற ஆள் நான். இப்போது சிரிப்பதில்லை.

நாற்பது வருடமாக மூடிக் கிடந்த மலைச்சாலையைப் பழமை மாறாமல் நடைபாதையாக்கும் வேலை. நான் மேற்பார்வையாளர். என் மனைவியின் தம்பி எனக்கு உதவியாள். ஒரே வண்டி போகும் அகலம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அந்தக் காலத்தில் இரண்டு முனையிலும் கொடிக்காரர்கள் நிற்பார்கள். கீழிருந்து ஏறும் கடைசி வண்டியிடம் ஒரு சிவப்புக் கழியைக் கொடுத்து அனுப்புவார்கள். அது கைக்கு வந்த பிறகுதான் மேல்முனைக்காரர் தன் பக்கத்து வண்டிகளை விடுவார். அங்கிருந்து இறங்கும் கடைசி வண்டியோடு கழி திரும்பி வரும்வரை கீழிருந்து யாரும் ஏறக்கூடாது.

அன்று கீழ்முனைக் கொட்டகையைச் சுத்தம் செய்தபோது அந்தக் கழி கிடைத்தது. மேல்முனையில் காட்சிக்கு வைக்கலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

"நீங்க நடங்க மாமா. பூட்டிட்டுப் பின்னாடியே வரேன்."

"சீக்கிரம் வா மச்சான். லேட்டானா உங்கக்கா என்னைத்தான் வறுத்தெடுப்பா."

மாலை 5.50. பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

6.14. மேல்முனை. பனிக்குள் காக்கி உடையில் ஒருவர். எங்கள் காவலாளி என்று நினைத்தேன். அவர் மேல் டீசல் வாடை அடித்தது. கையை நீட்டினார்.

"கடைசி ஆள் நீங்கதானா?"

பழைய வழக்கத்தை வைத்து விளையாடுகிறார் போல. நானும் விளையாட்டாகக் கழியை நீட்டினேன்.

"ஆமாண்ணே."

விரல்கள் பட்டன. ஜில்லென்று இருந்தன...

அவர் பச்சைக் கொடியை விரித்தார்.

6.16. எஞ்சின் சத்தம்.

கனமான லாரி... என்னைக் கடந்து இறங்கியது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

கீழே...

மச்சான்!

கத்திக்கொண்டே ஓடினேன். பாதி வழியில் பாறையோடு பாறையாக ஒட்டி நின்றிருந்தான். சட்டை கிழிந்து, தோளெல்லாம் சிராய்ப்பு.

"லாரி மாமா... லைட்டே போடல..."

இரண்டு முனையிலும் கல்தூண் நட்டிருக்கிறோம். சைக்கிள்கூட நுழையாது. காவலாளி அன்று வேலைக்கே வரவில்லையாம்.

பழைய படங்கள் தந்த ஓய்வுபெற்ற பொறியாளரிடம் விசாரித்தேன்.

"கழியோட வந்தவன் நான்தான் கடைசின்னுட்டான். பின்னாடி அவன் தம்பி நடந்து வந்துட்டிருந்தான். மேலேருந்து இறங்கின லாரி அவனை அடிச்சிடுச்சு. அதோட ரோட்டை மூடிட்டாங்க. கொடி காட்டினவர் அன்னிக்கே காணாமப் போயிட்டார். இன்னும் கிடைக்கல."

பாதையைத் திறக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறப்பு. கீழ்முனையிலிருந்து இருநூறு பேர், குழந்தைகளோடு ஏறப்போகிறார்கள்.

கழியை மூன்று நாளாகத் தேடுகிறேன்.

அது இன்னும் கீழே திரும்பி வரவில்லை.