அறிவிப்புக்காரர் வீட்டு லேப்டாப்

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்வது என் வேலை. என் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருக்கும் நீள மேசையில், அச்சாகி வரும் தாள்களைப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பவர் ஒரு அக்கா. விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட எட்டு வயது பெரியவர். நான் கொண்டுபோகும் புளிக்குழம்பு அவருக்கு, அவர் கொண்டுவரும் கறி எனக்கு. ஆறு வருஷமாக எங்கள் மதியச் சாப்பாடு அப்படித்தான்.

அக்காவின் வீட்டுக்காரர் அறிவிப்பு சொல்பவர். ஜவுளிக்கடை தள்ளுபடி, மெத்தை விற்பனை, பொருட்காட்சி, காணாமல்போன ஆடு, இரங்கல் செய்தி என்று விருதுநகர்த் தெருக்களில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு எது போனாலும் அதில் பாதிக்கு மேல் அவர் குரல்தான். வீட்டிலேயே, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போர்வையைத் தொங்கவிட்டு, பழைய லேப்டாப் ஒன்றில் பதிவு செய்வார். ஆட்டோக்காரர்கள் பென் டிரைவில் வாங்கிப் போவார்கள். அவர்கள் மகளின் பிறந்தநாளுக்கு நான் போனபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். "வாங்க தங்கச்சி, நல்லா இருக்கீகளா?" என்றார். வாசலில் ஏதோ ஆட்டோ வந்து நிற்கிறது என்று நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லி அன்றைக்கு முழுக்கச் சிரித்தார்.

போன ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். கால் வந்தது, வலது கை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிந்தது. வாயைத் திறந்தால் வந்தது ஒரே ஒரு சொல்: "அது." தண்ணீர் வேண்டுமென்றாலும் அது, மகளைக் கூப்பிடுவதென்றாலும் அது. வீட்டில் தப்பாகப் புரிந்துகொண்டால் "அது, அது, அது" என்று கட்டிலைத் தட்டுவார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் அம்மா ஒரு யோசனை சொன்னாராம். "வருஷக்கணக்கா வாய்ப்பழக்கமா சொன்ன வரிகள் இருக்கும்ல? அது சில பேருக்கு மத்த பேச்சுக்கு முன்னாடி வந்துரும். அவர் குரல்லயே பதிவு இருந்தா கொண்டு வாங்க."

பதிவு எல்லாம் லேப்டாப்பில் இருந்தது. அந்த லேப்டாப்தான் திறக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஏதோ பாடம் பார்க்க அதைத் திறந்திருக்கிறாள். அப்டேட் ஓட ஆரம்பித்து, பாதியில் கரண்ட் போயிருக்கிறது. பேட்டரி எப்போதோ செத்துப்போனது. அன்றிலிருந்து நீலத் திரை வரும், வட்டம் சுற்றும், அணையும், மறுபடி நீலத் திரை. "அத்தா குரலை நான்தான் அழிச்சிட்டேன்" என்று அப்பாவை நினைத்து அந்தப் பிள்ளை ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

பழுது பார்க்கும் கடையில் கேட்டதற்கு, "ஃபார்மேட் பண்ணிரலாம்க்கா, புதுசு மாதிரி ஆயிரும்" என்றார்களாம்.

"உள்ள இருக்கிறது?"

"அது அம்புட்டும் போயிரும்."

அக்கா லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். ஆட்டோக்காரர்களிடம் அலைந்தார். அவர்கள் பழையதை அழித்துத்தான் புதியதை ஏற்றுவார்கள். ஒருவரிடம் மட்டும் மெத்தை விற்பனை ஒன்று இருந்தது, அதுவும் பாட்டுச் சத்தத்துக்குள் முங்கிப்போய். தன் போனில் தேடினால், அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களில் "வந்துட்டேன்", "கரண்ட் வந்துருச்சா?" என்று இரண்டு மூன்று துண்டுகள். அவற்றை அக்கா பஸ்ஸில் காதில் வைத்துக்கொண்டே வருவார்.

இதையெல்லாம் அவர் என்னிடம் முழுதாகச் சொன்னது தீபாவளி முடிந்து மெஷின்கள் ஓய்ந்த பிறகுதான். சீசனில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. கேட்டு முடித்ததும், "நான் பாக்குறேன்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

"உனக்குத் தெரியுமாக்கும்?"

"தெரியும்."

தெரியாது. மூன்று வருஷம் முன்னால் என் ஆபீஸ் கம்ப்யூட்டர் இதே மாதிரி நின்று, வந்தவர் ஃபார்மேட் போட்டு, நான் வரைந்த லேபிள்கள் எல்லாம் போயின. அப்போது ஆற்றாமையில் இணையத்தில் படித்தேன். லேப்டாப்பின் சொந்த சிஸ்டம் எழவில்லை என்றாலும், பென் டிரைவில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டு அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பலாம், உள்ளே இருப்பதைத் தொடாமல் எட்டிப் பார்க்கலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று. படித்தேன், அவ்வளவுதான். செய்து பார்த்ததில்லை.

சனிக்கிழமை என் வீட்டில் என் லேப்டாப்பிலேயே பழகிப் பார்த்தேன். லினக்ஸ் ஃபைலை இறக்கி, பாட்டு ஏற்றுவதுபோல அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தேன். எழவில்லை. பொய் சொல்லிவிட்டோமே என்று மறுபடி இணையத்தில் உட்கார்ந்தேன். தேடிப் படித்த பிறகு புரிந்தது, சும்மா காப்பி செய்தால் போதாது, அதற்கென்று இருக்கும் ஒரு சின்ன புரோகிராமை வைத்து எழுத வேண்டுமாம். அப்படி எழுதியபின் என் லேப்டாப் வேறொரு முகத்தோடு எழுந்தது. நான் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டேன். வீட்டில் யாரும் இல்லை, நல்லவேளை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு விருதுநகர் போனேன். அக்காவின் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார். முகம் ஒடுங்கிப்போயிருந்தது. எதற்கு வந்திருக்கிறேன் என்று அக்கா அவரிடம் சொல்லவில்லை. "நடக்கலைன்னா பாவம் ஏங்கிருவாக" என்று அடுக்களையில் வைத்து என் காதில் சொன்னார். ஆனால் லேப்டாப்பை மேசையில் வைத்ததும் அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார்.

பென் டிரைவைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். லேப்டாப் எழும்போது கீபோர்டில் ஒரு கீயைத் தட்டினால்தான் பென் டிரைவிலிருந்து எழும்பும். எந்தக் கீ என்பது ஒவ்வொரு லேப்டாப்புக்கும் வேறு. ஒன்றைத் தட்டினேன், நீலத் திரை. இன்னொன்று, நீலத் திரை. மகள் என் தோளுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மூன்றாவது முறை பொத்தானை அழுத்தியபோது அண்ணன், "அது" என்றார். இடது கை நீண்டு வந்து மேல்வரிசையில் எஃப் ஒன்பதின்மேல் விரலை வைத்து டக் டக்கென்று தட்டியது. கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்தது. அதில் பென் டிரைவின் பெயரும் இருந்தது.

"அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குல்ல!" என்றேன். அவர் முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு பெருமை வந்ததை அக்கா பார்த்தார்.

எழுத்துகள் வரிவரியாக ஓடின. பிறகு திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்று ட்ரை, இன்னொன்று இன்ஸ்டால். இன்ஸ்டாலை அழுத்தி மேலே மேலே போனால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துபோகலாம் என்று படித்திருந்தேன். ட்ரை என்றால் சும்மா பார்ப்பது. எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் உடனே அழுத்தவில்லை. மகளிடம், "பாப்பா, அதுல என்ன எழுதியிருக்கு, வாசி" என்றேன். அவள் எழுத்துக் கூட்டி, "ட்ரை" என்றாள். அழுத்தினேன்.

புது முகப்பு ஒன்று வந்தது. ஓரத்தில் லேப்டாப்பின் டிஸ்க் ஒரு சின்னப் பெட்டிப் படமாகத் தெரிந்தது. அழுத்தினால், பார்க்க மட்டும்தான் முடியும், எதையும் மாற்ற முடியாது என்று ஒரு செய்தி. எங்களுக்குப் பார்த்தால் போதுமே. உள்ளே போகப் போக, அண்ணன் தமிழில் பெயரிட்டு வைத்த ஃபோல்டர்கள் வரிசையாக நின்றன. ஜவுளி. திருவிழா. இரங்கல். பள்ளிக்கூடம். கடைசியில் ஒன்று, வேஸ்ட்.

"எல்லாம் இருக்கா?" என்று மகள் கேட்டாள்.

"எல்லாம் இருக்குடா. நீ ஒண்ணையும் அழிக்கல."

அவள் அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

முதலில் எல்லாவற்றையும் நான் கொண்டுபோன இன்னொரு பென் டிரைவில் காப்பி போட்டேன். கரண்ட் போய்விடக்கூடாதே என்று எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தபடியே இருந்தோம். காப்பி முடிந்ததும் ஜவுளியில் ஒன்றை ஓடவிட்டேன்.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே..."

அந்தச் சின்ன ஸ்பீக்கரிலும் குரல் அறை முழுக்க நிறைந்தது. அண்ணன் சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தப்புச் செய்துவிட்டோமோ என்று நிறுத்தப் போனேன். அவர் திரும்பாமலே கையை ஆட்டினார், ஓடட்டும் என்று. முடிந்தது. மகள் மறுபடி போட்டாள். இரண்டாம் முறை அவர் உதடு அசைந்தது. மூன்றாம் முறை, அந்தக் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் கேட்டது. கரகரப்பாக, ஈரமாக.

"அன்பா...ந்த பெரியோர்களே. தாய்மார்களே."

அடுத்து கடைப் பெயர் வந்ததும் தடுக்கி நின்றுவிட்டது. அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார், யார் பேசியது என்று கேட்பதுபோல. அக்கா, "யா அல்லாஹ்" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் குதித்தாள். "அத்தா, இன்னொருக்க! இன்னொருக்க!" அன்று மதியத்துக்குள் அந்த முதல் வரியை முப்பது தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் முழுசாக வந்தது.

சாப்பிட்ட பிறகு வேஸ்ட் ஃபோல்டரைத் திறந்தேன். பதிவு செய்யும்போது இடையில் கெட்டுப்போனவற்றை அதில் போட்டு வைத்திருந்தார். ஒன்றில், மாபெரும் ஆடித் தள்ளுபடி என்று அவர் ஏற்ற இறக்கத்தோடு தொடங்க, தூரத்தில் அக்காவின் குரல்: "என்னங்க, முட்டை ஒண்ணா ரெண்டா?"

"ஏ, ரெக்கார்டு ஓடுதுல்ல!"

"ஓடட்டும். ஒண்ணா ரெண்டா?"

தொண்டையைக் கனைக்கும் சத்தம். பிறகு அதே அறிவிப்புக் குரலில், "ரெண்டு!"

அடுத்ததில் மகள் மூன்று வயதில் மைக்கைப் பிடுங்கி ஊதுகிறாள். அடுத்ததில் மழை. அடுத்ததில் அக்கா யாரையோ திட்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்கிறார். பத்து வருஷத்து வீடு அதற்குள் இருந்தது. அண்ணன் தோள் குலுங்கச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்று, "இதையெல்லாமா வச்சிருந்தீக?" என்று கேட்டார்.

அண்ணன் அக்காவை நிமிர்ந்து பார்த்து, "அது" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

பயிற்சி கொடுக்கும் அம்மா அந்த அறிவிப்புகளை வைத்தே பாடம் நடத்தினார். பெரியோர்களே வந்தது, பிறகு வாருங்கள் வந்தது, தை பிறந்தபோது மகளின் பெயர் வந்தது. இப்போது சின்னச் சின்ன வாக்கியம் பேசுகிறார். பழையபடி பேசுவாரா என்று கேட்டால் டாக்டர் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார். லேப்டாப்பை ஃபார்மேட் செய்ய அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை. மகள் பென் டிரைவைச் செருகி, எஃப் ஒன்பதைத் தட்டி, லினக்ஸிலேயே வீட்டுப்பாடம் செய்கிறாள். என்னைவிட அவளுக்கு இப்போது அதில் அதிகம் தெரியும்.

பங்குனியில் ஒரு ஆட்டோக்காரர், வளையல் கடைக்கு அறிவிப்பு வேண்டும் என்று பழைய பழக்கத்தில் வந்து நின்றிருக்கிறார். அக்கா போர்வைக்குப் பின்னால் போய்த் தானே பேசிவிட்டார். அண்ணன் எதிரில் உட்கார்ந்து இடது கையால் வேகத்தைக் குறைக்கச் சொன்னாராம், நிறுத்தச் சொன்னாராம், ஏழு தடவை வேண்டாம் என்று தலையாட்டினாராம். "பெத்தவுக கூட என்னைய இம்புட்டு வாட்டுனதில்ல" என்று அக்கா மேசையில் தாள் பிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். குரலில் சலிப்பே இல்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு வேலையாக விருதுநகர் போய்விட்டு, பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். ஆட்டோ ஒன்று வந்தது. ஒலிபெருக்கியில் அக்கா, கொஞ்சம் கூச்சத்தோடு, கண்ணாடி வளையல், கல் வளையல், குழந்தைகளுக்கான வளையல் என்று சொல்லிக்கொண்டு போனார். முடிவில் "அனைவரும்" என்று சொல்லி நிறுத்தினார். ஒரு நொடி வெறும் இரைச்சல். பிறகு ஓர் ஆண் குரல் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்து எடுத்துவைப்பதுபோல, "வா...ருங்கள்" என்றது.

ஆட்டோ மேம்பாலத்துப் பக்கம் திரும்பும்வரை அதன் பின்னாலேயே நடந்துபோய்க் கேட்டேன். என் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வர இருபது நிமிஷம் ஆனது.