ஆம் என்று எழுதியவள்

விலங்குக்கு ஆய்வு வேதனை தரும் என்று விண்ணப்பதாரரே ஒப்புக்கொண்டால், விலங்கு ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிக்குழுவின் அடுத்த கூட்டத்தில் விண்ணப்பத்தை வைக்க வேண்டும். அலுவலகமே திருப்பி அனுப்பக் கூடாது. திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தக் குழுவின் கோப்புகளைக் கவனித்த எனக்கு இந்த விதி மனப்பாடம்.

நகரி நெசவாளர் வீட்டிலிருந்து வந்த ஆய்வு மாணவி அவள். மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள், பிடிக்காத ஒன்று நேரும்போது என்ன செய்கின்றன என்பது அவளுடைய கேள்வி. எலியின் முகத்தில் வெடுக்கென்று காற்றை ஊதி, அந்தச் செல்களைப் பதிவு செய்ய வேண்டும். படிவத்தில் ‘வேதனை உண்டா?’ என்ற இடத்தில் எல்லோரும் ‘இல்லை’ என்று எழுதுவார்கள். அவள் ‘ஆம்’ என்று எழுதியிருந்தாள்.

“இல்லன்னு எழுதிட்டுப் போம்மா. எலி வந்து சாட்சி சொல்லப்போவுதா?” என்றேன்.

“எலிக்குப் பிடிக்காததைப் பாக்கத்தானே சார் வந்தேன்? இல்லன்னு எழுதிட்டா, லேப்ல எதைப் பாத்துக்கினு இருக்கறது?”

“சாருக்கே கிளாஸ் எடுக்குது பாரு!” என்றார் எழுத்தர். பிரிவே சிரித்தது.

பிடிக்காதது நேர்ந்தால் அந்தச் செல்களில் பெரும்பாலானவை அடங்கிவிடும், சில மட்டும் அப்போதுதான் துடிக்கும் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். என் தலைக்குள் எவை துடித்தனவோ, அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. விதி தெரிந்தும், பக்க எண் விடுபட்டது என்று ஒருமுறை, ஆய்வு வழிகாட்டியின் முத்திரை மங்கல் என்று ஒருமுறை கோப்பைத் திருப்பினேன். எந்த ஆட்சேபணையிலும் யாரும் குறை காண முடியாது; என் திறமை அப்படி. மூன்று கூட்டங்கள் கடந்தன. அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிந்தது. ஆய்வை விட்டுவிட்டு, சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் சர்க்கரை அளவு பார்க்கும் வேலைக்குப் போனாள். அதைக் கேட்ட அன்றும் நான் வயிறாரத்தான் சாப்பிட்டேன்.

ஓய்வுபெற்ற பிறகு, மன்னிப்புக் கேட்டு அவளுக்கு எழுதினேன். மாதக்கணக்கில் பதில் இல்லை; நினைவூட்டுக் கடிதம் அனுப்பும் தகுதி எனக்கு இல்லை. பிறகு வந்தது.

“மன்னிப்பு வேணாம் சார். தாமதம் யாராலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வேற யுனிவர்சிட்டில சேர வயசு வரம்புல தளர்வு கேட்டிருக்கேன்.”

உடனே உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் ‘நிர்வாகக் காரணங்களால்’ என்று தொடங்கியது பேனா. அதை அடித்துவிட்டு ‘என்னால்’ என்று எழுதினேன். கீழே தேதி போட்டேன்: ஆடி மாதத்து முதல் திங்கட்கிழமை. அவளுடைய கடிதம் வந்ததும் அன்றுதான்; இந்த முறை ஒரு நாளும் கடத்தவில்லை.