தேதி இல்லாத புண்

தம்பியின் வலது பாதத்தில் முள் ஏறிய நாள் மட்டும் எனக்குத் தெரியாது. அவன் கிணற்று மோட்டார் மாற்றிய நாள், ஆத்தூர் அணை நிரம்பிய நாள் எல்லாம் கேட்டால் சொல்லிவிடுவேன். முள் ஏறியது எப்போது என்று அவனுக்கே தெரியவில்லை. சர்க்கரை நோயில் அவன் பாதங்கள் மரத்துப்போய் வருடங்கள் ஆகின்றன.

அகரம் பக்கம் ரோஜாவும் மல்லிகையும் போட்டிருக்கிறான். அந்த மார்கழியிலும் பழனிக்கு நடந்துபோக மாலை போட்டிருந்தான். மாலை போட்டால் செருப்பு கிடையாது, ரோஜாத் தோட்டத்திலும் கிடையாது. பொங்கலுக்கு வந்திருந்த அவன் மகள்தான், அவன் கால் துடைத்த துண்டில் ரத்தத்தைப் பார்த்தாள்.

அவள் தூத்துக்குடியில் கடல் அட்டைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பிடிக்கத் தடையுள்ள உயிர் என்பதால் அனுமதி வாங்கித் தொட்டியில் வளர்க்கிறார்கள். அன்று சாயங்காலம் போனில் எங்களுக்கு அவற்றைக் காட்டினாள். முற்றிய வெள்ளரிக்காயைத் தண்ணீரில் போட்டதுபோல ஒரு உருவம். மிரண்டால் தன் குடலையே வெளியே தள்ளிவிடுமாம். பிறகு ஒன்றும் தின்னாமல் கிடக்கும். உடம்புக்குள் இருக்கும் நீரில் மிதக்கும் செல்கள் காயத்தில் வந்து கூடும். கிருமியை விழுங்கும், விழுங்க முடியாததைச் சுற்றிக் கட்டிவிடும், வேலை முடிந்ததும் கலைந்துவிடும். உள்ளே மிஞ்சிய சவ்வின் விளிம்பு தடித்து, அதிலிருந்து புதுக்குடல் வளரும். ஒருமுறை வந்த கிருமியை நம் உடம்பு அடையாளம் வைத்துக்கொள்வதுபோல வைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது என்றும் சொன்னாள். இத்தனை புத்தகம் படித்தும் இது எனக்குப் புதிது.

தம்பி போனை வாங்கி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தான்.

"குடலே முளைக்குது. எனக்கு இத்துனூண்டு தோல் முளைக்காதா தாயி?"

"அதுக்குச் சர்க்கரை இல்லப்பா."

அவள் சிரிக்கவில்லை. அவன் புண்ணிலும் செல்கள் வந்து கூடியிருக்கும், ஆனால் சர்க்கரை உள்ள உடம்பில் அந்தக் கூட்டம் கலையாது, அது கலையாமல் தோல் மூடாது என்று விளக்கினாள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள். போனால் படுக்கவைத்துவிடுவார்கள், மாலை என்னாவது என்பது அவன் கவலை. மலையேறி இறங்கிவிட்டு வருகிறேன் என்றான்.

"வலிக்கவே இல்லையே தாயி. முருகன் பாத்துக்கிட்டிருக்கான்."

"வலிக்காததுதாம்ப்பா பயமா இருக்கு."

வீட்டில் யாரும் அவள் பக்கம் பேசவில்லை. கூட நடப்பவர்கள் ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் கொப்புளம் கண்டு முனகுவார்கள். இவன் மட்டும் முனகாமல் போவான். அதை வருடா வருடம் அருள் என்றே பேசி வந்திருக்கிறோம். மரத்துப்போன கால் என்று தெரிந்த பிறகும் அப்படித்தான் பேசினோம்.

தொட்டிகளைப் பார்க்க ஆளில்லை என்று அவள் தூத்துக்குடிக்குத் திரும்பினாள். தைப்பூசத்துக்கு முன்னால், புண்ணில் துணியைச் சுற்றிக்கொண்டு இவன் நடந்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். "சீட்டு பூரா எனக்குத்தாண்ணே," என்று சிரித்தான். அவன் துணியை அவிழ்த்தபோது விரல்கள் கறுத்திருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, எப்போது குத்தியது என்று. அவன் என்னைப் பார்த்தான். குடும்பத்தில் யாருக்குத் தேதி வேண்டுமானாலும் என்னைத்தான் பார்ப்பார்கள். ரத்தத்தைப் பார்த்தது பொங்கல் சமயம் என்று மட்டும் சொன்னேன். முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மாசி பிறந்ததும் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

மகள் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். மயக்கம் தெளிந்தவன் அவளிடம் கேட்டது ஒன்றுதான். அந்தக் குடல் எந்தப் பக்கமிருந்து முளைக்கும்? வாய்ப் பக்கமிருந்தும் வால் பக்கமிருந்தும் வளர்ந்து நடுவில் வந்து சேரும் என்றாள். அவன் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நர்ஸ் கட்டு மாற்றிவிட்டு, பிளாஸ்திரியின் மேல் பேனாவால் அறுத்த தேதியை எழுதிப் போனார். அவள் அதைக் குனிந்து படித்தாள்.

"எங்க தொட்டியிலயும் அது குடலைத் தள்ளுன தேதியை இப்படித்தான் ஒட்டி வைப்போம், பெரியப்பா. அன்னையிலருந்து எண்ணுவோம், எப்ப முளைக்கும்னு."

பிறகு போர்வையை இழுத்து அந்தத் தேதியை மூடினாள்.