பால்வீதிக்கு எத்தனை லாரி?

வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் அவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம், அளவு டேப்பை அவள் கையால் தொட்டதே கிடையாது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சமையலறையிலிருந்து பரண் வரை ஒரு சுற்று வருவாள். வெளியே வரும்போதே, "நாப்பது பெட்டி, ஒரே நடை. சோபா மட்டும் வாசல் வழியா போகாது, ஜன்னலைக் கழட்டணும்" என்பாள். அப்படியே நடக்கும்.

அந்தக் கண் அவளுக்குச் சும்மா வரவில்லை. அப்பா பாலம் கட்டும் மேஸ்திரி. ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஆற்றங்கரை. ஒரே வீட்டில் இரண்டு பிறந்தநாள் கொண்டாடிய ஞாபகம் அவளுக்கு இல்லை. அம்மா பாத்திரங்களைக் கட்டும்போது எது எதற்குள் அடங்கும் என்று பார்ப்பதே அவளுக்கு விளையாட்டாக இருந்தது. உட்காரத்தான் அவள் கற்றுக்கொள்ளவே இல்லை. நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே போன் பேசுவாள். மனசு சரியில்லாவிட்டால் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றுவாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்த்த அவள் கணவர் வேலை முடிந்து வந்து, முழங்காலில் இடி வாங்கிக்கொண்டு, "ஏம்மா, இன்னைக்குக் கட்டில் எந்த ஊர்ல இருக்கு?" என்று கேட்பார்.

தொழிலில் அவளுக்குத் துணை கணவரின் தம்பி. லாரி அவனுடையது. வண்டி பழசு, ஏற்றத்தில் முனகும். அதற்கு ஊரில் ஆமை என்று பெயர். தூக்குவதற்கு இரண்டு ஆள்கள். அவ்வளவுதான் கம்பெனி.

ஒரு நாள் பல்கலைக்கழகத்தின் வானியல் துறையைப் பழைய கட்டடத்திலிருந்து புதிய கட்டடத்துக்கு மாற்றும் வேலை வந்தது. புத்தகம், கம்ப்யூட்டர், கண்ணாடி அலமாரி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. நடைபாதைச் சுவரில் ஒரு பெரிய படம் மட்டும் மிச்சம். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக ஏதோ சுழன்றுகொண்டிருந்தது.

"இது என்ன மேடம், தயிரை மிக்ஸியில போட்டு மூடி வைக்க மறந்த மாதிரி இருக்கு?"

துறைத் தலைவியான பேராசிரியை சிரித்தார். "பால்வீதி. நம்ம கேலக்ஸி. நாமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கோம்."

"ஓ. இதை வீடு மாத்தணும்னா எத்தனை லாரி ஆகும்?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் பேராசிரியை எந்தக் கேள்வியையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் ரகம் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு சற்று யோசித்தார். பிறகு தன் கோட்டில் நூல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்த பெரிய பட்டனைப் பிய்த்து ஜன்னல் திட்டில் வைத்தார்.

"லாரி அப்புறம். முதல்ல சாமானைப் பாருங்க. சூரியன், பூமி, மத்த கிரகம் எல்லாம், கடைசிக் கிரகம் சுத்துற பாதை வரைக்கும் இந்தப் பட்டனுக்குள்ள அடங்குதுன்னு வைங்க."

"சரி, வச்சாச்சு. பூமி எங்க?"

"தெரியாது. சூரியனே கண்ணுக்குத் தெரியாத தூசி. இப்ப, நம்ம சூரியனுக்குப் பக்கத்து வீட்டு நட்சத்திரம் எங்க இருக்கும் சொல்லுங்க."

டேப் அக்கா ஜன்னல் திட்டின் மறு ஓரத்தைக் காட்டினாள். பேராசிரியை வெளியே கையை நீட்டினார். தெரு முனையில், மருந்துக் கடையைத் தாண்டி, பஸ் நிறுத்தம் தெரிந்தது. "கிட்டத்தட்ட அங்க."

"நடுவுல?"

"ஒண்ணும் இல்ல."

"ஒரு தெருவுக்கு ஒரு பட்டனா? யாருங்க இப்படி பேக் பண்ணது? என் ஆளு எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

"முழுப் பால்வீதியும் இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். பட்டன் கணக்குலதான் சொல்றேன், நிஜக் கணக்குல இல்ல. உள்ள பத்தாயிரம் கோடி நட்சத்திரம், அதுக்கு மேலயும் இருக்கலாம்."

டேப் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். படத்தைப் போர்வையில் சுற்றி லாரியில் ஏற்றும்போதும் சிரித்தாள். ஆமை பஸ் நிறுத்தத்தைத் தாண்டியபோது திரும்பிப் பார்த்தாள். பழைய கட்டடத்தின் அந்த ஜன்னல் சின்னதாகத் தெரிந்தது, பட்டன் தெரியவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

அதிலிருந்து அவளுக்கு ஒரு இடத்திலும் மனசு நிலைகொள்ளவில்லை. தெருவில் நடந்தால் ஒவ்வொரு முனையிலும் ஒரு பட்டன் கிடப்பதுபோல் இருந்தது. கடுகு டப்பாவைத் திறந்தால், இதைப்போல எத்தனை டப்பா சேர்ந்தால் பத்தாயிரம் கோடி என்று மனசு ஓடியது. கணவர் தன் பங்குக்கு உதவப் பார்த்தார்.

"எங்க ஆஸ்பத்திரியில தினம் மலை மாதிரி பெட்ஷீட் வருது. ஒரு ஷீட் ஒரு நட்சத்திரம்னு வச்சுக்கயேன்."

"அதைத் துவைச்சு முடிக்க எத்தனை வருஷம் ஆகும்?"

அவர் விரல்விட்டு எண்ணினார், முகம் சுருங்கியது. "அதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துரும். வேற ஏதாவது யோசி."

இதெல்லாம் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு பல் டாக்டர் வீட்டைக் காலி செய்யப் போனார்கள். மேல் மாடியில் தேக்கு அலமாரி ஒன்று. டேப் அக்கா மாடிப்படியைப் பார்த்தாள். அது அகலமாகத் தெரிந்தது. மறுபடி பார்த்தாள். குறுகலாகத் தெரிந்தது. இதுவரை அவளுக்கு இப்படி ஆனதே இல்லை. எல்லாமே சின்னதாகவும் அதே சமயம் எல்லாமே பெரிசாகவும் இருந்தது. ஆள்கள் தோளில் பட்டையை மாட்டிக்கொண்டு அவள் வாயைப் பார்த்து நின்றார்கள். "போகும், தூக்குங்க" என்றாள்.

போகவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் அலமாரி சிக்கிக்கொண்டது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. டாக்டர் மேலே மாட்டிக்கொண்டார், அவர் மனைவி கீழே. காலையில் சிக்கியது மதியம் வரை அசையவில்லை. அலமாரிக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாக டாக்டருக்கு டீயும் பிஸ்கட்டும் தள்ளினார்கள். "வாழ்க்கை முழுக்க அடுத்தவன் வாயைத் திறக்கச் சொன்னேன், இப்ப எனக்கு வழியைத் திறக்க ஆளில்ல" என்று அவர் மேலேயிருந்து புலம்பினார். கடைசியில் தச்சரைக் கூப்பிட்டு அலமாரியின் கால்களை அறுத்தார்கள். டாக்டரின் மனைவி அறுபட்ட கால்களைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டார். டேப் அக்காவுக்குத் திட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாளே புதிய கட்டடத்தில் பேராசிரியையின் அறைக் கதவைத் தட்டினாள்.

"மேடம், என் கண்ணைக் கெடுத்துட்டீங்க."

நடந்ததை எல்லாம் நின்றுகொண்டே கொட்டினாள். பேராசிரியை நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. அறையை அளப்பதுபோல் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

"உங்களுக்கு மட்டும் எப்படி மேடம் ராத்திரி தூக்கம் வருது?"

"எனக்கும் அது மனசுக்குள்ள நுழையறது இல்ல. பேப்பர்ல பூஜ்ஜியத்தைப் போட்டுட்டுப் போறேன், கணக்கு சரியா வருது. ஆனா ஒரு விஷயம் சொல்றேன், உங்களுக்குப் பிடிக்கும். நட்சத்திரங்களைத்தான் இப்படி அநியாயத்துக்குத் தள்ளித் தள்ளி வச்சிருக்கு. கேலக்ஸிங்க அப்படியில்ல. பால்வீதியை ஒரு சாப்பாட்டுத் தட்டுன்னு வைங்க. பக்கத்துப் பெரிய கேலக்ஸி இன்னொரு தட்டு. அது எங்க இருக்கும்?"

"வேற ஊர்லயா?"

"அடுத்த ரூம்ல."

டேப் அக்கா நடையை நிறுத்தினாள். "அவ்வளவு கிட்டவா? அப்ப இடிச்சுக்காதா?"

"என்னைக்காவது இடிச்சாலும் இடிக்கலாம். நாம இருக்க மாட்டோம். அப்பவும் ஒரு நட்சத்திரம்கூட இன்னொண்ணு மேல மோதறது கஷ்டம். தெருவுக்கு ஒரு பட்டன்தானே இருக்கு?"

"ரெண்டு லோடு நேருக்கு நேர் மோதியும் ஒரு சாமான்கூட உடையாதா?" முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு தொழில்முறை மரியாதை வந்தது. "அப்ப அது மோசமான பேக்கிங் இல்ல."

வந்த வேலை முடியவில்லை என்பதுபோல் வாசல்வரை போய்த் திரும்பினாள். "பட்டன் கணக்குல பால்வீதியோட நடு எவ்வளவு தூரம்?"

"எழுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி."

வெளியே லாரியில் காத்திருந்த கொழுந்தனிடம் அவள் இதைச் சொன்னதும் அவன், "எழுநூறா? நம்ம பாட்டு டீச்சர் போற துறைமுகத்து ஊரும் அவ்வளவுதான் வரும் அண்ணி" என்றான். அந்த வாரம் ஒரு பாட்டு டீச்சரின் வீட்டைத் துறைமுக நகரம் ஒன்றுக்கு மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். நெடுந்தூர லோடுகளுக்கு டேப் அக்கா ஒருநாளும் போனதில்லை. அவ்வளவு நேரம் உட்கார அவளால் முடியாது.

"நானும் வரேன்" என்றாள்.

பட்டன் வாசற்படியில் இருப்பதாக வைத்துக்கொண்டு, விடிந்ததும் கிளம்பினார்கள். டீச்சரின் பியானோ பின்னால் கயிற்றில் முனகியது. தெரு முனை வந்ததும், "ஒண்ணு" என்றாள். அடுத்த முனையில், "ரெண்டு." சிக்னலில் நின்றபோது பதினேழு.

"அண்ணி, இன்னும் பெட்ரோல் பங்கையே தாண்டல. இப்படியே எண்ணிட்டு வந்தா நான் குதிச்சிருவேன்."

"எண்ணாம எப்படித் தெரியும்?"

"எண்ணினா மட்டும் தெரியுமா?"

எண்ணுவதை நிறுத்தினாள். காலை ஆட்டினாள், ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள். போனை எடுத்துப் பேராசிரியையைக் கூப்பிட்டாள்.

"மேடம், லாரி அறுபதுல போகுது. பட்டன் கணக்குல வெளிச்சம் எவ்வளவு வேகம்?"

மறுமுனையில் பென்சில் கீறும் சத்தம் கேட்டது. "ஒரு நாளைக்கு உங்க விரல் நீளம்."

"ஒரு நாளைக்கா?"

"ஒரு நாளைக்குத்தான். எறும்பு அதைத் தாண்டிப் போயிரும்."

போன் ஒலிபெருக்கியில் இருந்ததால் கொழுந்தனுக்கும் கேட்டது. அவன் ஸ்டியரிங்கைத் தட்டினான். "கேட்டுக்கோங்க அண்ணி! ஆமைன்னாங்களே, ஆமை! வெளிச்சமே நம்ம வண்டி கிட்ட நிக்க முடியாது." அன்று முழுக்க அவன் யாருக்கும் வழிவிடவில்லை.

மதியத்துக்குமேல் வெளியே ஒன்றுமே இல்லை. காய்ந்த வயல், கம்பி வேலி, மறுபடி காய்ந்த வயல். அவள் கால்கள் எப்போது ஆட்டத்தை நிறுத்தின என்று அவளுக்கே தெரியாது. இவ்வளவு நேரம் ஓடியும், பட்டன் கணக்கில் ஒளிக்கு இருபத்தாறாயிரம் வருஷம் ஆகிற தூரத்தில் பாதியைத்தான் தாண்டியிருந்தார்கள். இடுப்பு வலித்தது. தூரம் என்பது முதன்முறையாக அவள் உடம்புக்குள் எங்கோ வந்து உட்கார்ந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று இப்போது கையை வைத்துக் காட்டலாம்.

மறுநாள் துறைமுக நகரத்தை அடைந்தார்கள்.

"நட்ட நடுவுல ஒரு கருந்துளை இருக்காம். உள்ள போனது எதுவும் வெளிய வராதாம்" என்றாள், டீச்சரின் புது வீட்டைப் பார்த்தபடி.

பாட்டு டீச்சரின் சாமான் அறைக்குள் ஏற்கெனவே ஒரு சைக்கிளும் மூன்று மேஜையும் காணாமல் போயிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு வந்த கொழுந்தன், "இருக்கு அண்ணி. இடது பக்கம் ரெண்டாவது கதவு" என்றான்.

பியானோ முதல் மாடிக்குப் போக வேண்டும். டேப் அக்கா படியைப் பார்த்தாள். போகும் என்று கண் சொன்னது. அந்தக் கண்ணை நம்ப அவளுக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. டீச்சரிடம் கேட்டு ஒரு அளவு டேப்பை வாங்கினாள். ஆள்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு விரல்கடை இடம் மிச்சம் இருந்தது. பியானோ ஒரு கீறல் இல்லாமல் மேலே ஏறியது. அன்றிலிருந்து அவள் கண்ணாலும் பார்த்தாள், டேப்பாலும் அளந்தாள். பட்டப்பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

திரும்பும் வழியில், வெட்டவெளியில் டயர் பஞ்சரானது. தூக்கும் ஆள்கள் ரயிலில் கிளம்பிவிட்டிருந்தார்கள். கொழுந்தன் ஜாக்கியை வைத்துக்கொண்டு வியர்த்துக் கிடந்தான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் உதவப் போனாள், கையைத் தட்டிவிட்டான். நின்றாள். சாலையோரம் தூரத்தில் ஒரு மைல்கல் தெரிந்தது. ஏறக்குறைய ஒரு தெரு நீளம்.

"எங்க போறீங்க அண்ணி?"

"பக்கத்து நட்சத்திரம் வரைக்கும்."

அவள் நடப்பதை அவன் டயருக்குப் பின்னாலிருந்து பார்த்தான். மைல்கல்லிடம் நின்றாள், அதன் தலையைத் தடவினாள். சுற்றிலும் பார்த்தாள். ஒன்றும் இல்லை, காற்றுதான். திரும்பிக் கையசைத்தாள்.

"முடிஞ்சிருச்சு, வாங்க!" என்று கத்தினான்.

"அடுத்தது ஒண்ணு தெரியுது. பாத்துட்டு வந்துடறேன்!"

அவன் சலித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பி, மெல்ல அவள் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனான்.