இரண்டு தடவை திரும்பிய அம்பு

என் பையின் அடியில் உள்ளங்கை நீளத்தில் ஒரு சிவப்புத் தோல் அம்பு கிடக்கிறது. ஷூவுக்கு வெட்டியது போக மீந்த தடித்த தோலில் நானே வெட்டியது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருப்பவனுக்கு அம்பு வெட்டுவது பெரிய வித்தை இல்லை. அதை எப்போது திருப்பக் கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் வித்தை. அது எனக்கு ஒரு அரங்கம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது தெரிந்தது.

கூடைப்பந்து ஆட்டத்தில் இரண்டு பேர் ஒரே பந்தைக் கட்டிக்கொண்டு நீயா நானா என்று நின்றால், பந்து யாருக்கு என்பதை மேசை மேலிருக்கும் அம்பு சொல்லும். இடைவேளை முடிந்து முதலில் பந்து எடுப்பது யார் என்பதையும் அதுதான் சொல்லும். இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறிக்கொள்வதால் அம்பையும் ஒரு தடவை திருப்பி வைக்க வேண்டும். ஒரே ஒரு தடவை. இந்தக் கதை முழுக்க அந்த ஒன்றில்தான் நிற்கிறது.

எங்கள் மேசையில் மூன்று பேர். ஸ்கோர் எழுதுகிறவர் சிஸ்டர். பாகாயத்தில் வீடு, வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆட்டக் கடிகாரம் ஜோலார்பேட்டையில் ரயில்வே கார்டாக இருக்கும் என் தோஸ்து கையில். ஓர் அணி பந்தை எடுத்த இருபத்து நாலு வினாடிக்குள் கூடைக்கு எறிய வேண்டும் என்று மிரட்டும் குட்டிக் கடிகாரம் என் கையில். பள்ளி மைதானம், சர்ச் மைதானம் என்று பல வருஷம் இப்படி உட்கார்ந்திருக்கிறோம். சிஸ்டர் காலேஜ் நாளில் நன்றாக ஆடியவர். “ஆடி முடிச்சதும் போறதுக்கு எங்களுக்கு எந்த லீக் இருந்துச்சு தம்பி? டூட்டிக்குப் போய்ட்டேன்” என்பார், மழை பெய்தது என்று சொல்வதைப் போல.

அப்புறம்தான் நாடு முழுவதற்குமான தொழில்முறை லீக் வந்தது. சென்னையில் நடக்கும் ஆட்டங்களுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். முதல் ஆட்டத்தில் பார்ப்போம், சரியாக இருந்தால் சீசன் முழுக்க நீங்களே என்று சொல்லிவிட்டார்கள். சிஸ்டருக்கு அடுத்த வருஷம் ரிட்டையர்மென்ட். பிறகு நாக்பூரில் மகன் வீடு. இந்தச் சீசனுக்காகவே லீவு சேர்த்து வைத்திருந்தார். “எனக்கு ஒரு சீசன் போதும். ஆடுற எடத்துல இல்லாட்டி இன்னா, பக்கத்துல உக்காந்தா போதும்.”

அந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வாங்க வரும் வெளிநாட்டு பார்ட்டி ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதும் அசராதவன் நான். ரயிலில் ஆம்பூர் தாண்டியதிலிருந்து கட்டைவிரலை அமுக்கி அமுக்கிப் பழகிக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்த அம்மாள் குழந்தையைத் தள்ளி உட்கார வைத்துக்கொண்டார். “ஏன்டா, உன்னையா பந்து போடச் சொன்னாங்க? பட்டன் அமுக்கத்தானே சொன்னாங்க” என்றான் கார்டு. தோஸ்து என்று இருப்பவன் இப்படித்தான் தைரியம் சொல்லுவான்.

சிஸ்டர் எங்கள் மேசைக்கு ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார். ஆஸ்பத்திரியில் சில மருந்தை ஊசியில் ஏற்றும்போது ஒரு நர்ஸ் மருந்தின் பெயரை வாய்விட்டுச் சொல்ல, இன்னொரு நர்ஸ் கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல வேண்டுமாம். அதேபோல் அம்பைத் திருப்பியதும் அவர் “திருப்பியாச்சு” என்பார். நான் “பார்த்தேன்” என்று சொல்ல வேண்டும். “இன்னா சிஸ்டர், அம்புக்கு ஊசி போடப் போறீங்களா?” என்று கேட்டிருக்கிறேன். “மருந்து மாறினா ஒரு ஆள் போச்சு. அம்பு மாறினா ரெண்டு டீமும் சேந்து உன்ன ஒதைக்கும். சொல்லு.”

அன்றைக்குக் காலையிலிருந்தே அரங்கத்தின் விளக்கு அம்பு எரியவில்லை. பையிலிருந்த என் தோல் அம்பு மேசை ஏறியது. முதல் பாதி நல்லபடியாகப் போயிற்று. இடைவேளை விசில் கேட்டதும் நான் போட்டியில் ஆடுகிறவர்களையும் முந்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினேன். முதல் பாதி முழுக்க அடக்கி வைத்திருந்தது ஆட்டப் பதற்றம் மட்டுமல்ல. திரும்பி வந்தபோது சிஸ்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அம்பு இடப்பக்கம் காட்டியது. முன்னேயும் இடப்பக்கம்தானே இருந்தது என்றது என் மூளை. சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்திருக்கும். சிஸ்டர் மறந்துவிட்டார், சீசன் போயிற்று. ஒரு விரலால், சத்தமில்லாமல், அம்பைத் திருப்பி வைத்தேன். கிணற்றில் விழுந்த குழந்தையைத் தூக்கியவனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நடுவர் பந்தோடு கோட்டருகே போனார். சிஸ்டர் தாளிலிருந்து கண்ணெடுக்காமல் “திருப்பியாச்சு” என்றார்.

நான் அவர் காதருகே குனிந்தேன். “கவலப்படாதீங்க சிஸ்டர். நீங்க மறந்துட்டீங்க. நான் திருப்பிட்டேன்.”

பேனா நின்றது. நடுவர் அம்பைப் பார்த்துவிட்டுத் தவறான அணிக்காரனிடம் பந்தை நீட்டப் போனார். சிஸ்டர் கார்டின் குறுக்கே கையை வீசி ஹாரனை அமுக்கினார். அரங்கம் மொத்தமும் எங்கள் மேசையைப் பார்த்தது, கேமராவும். ஓடிவந்த நடுவரிடம், “அம்பு தப்பு சார். பந்து அந்த டீமுக்கு” என்று சொல்லி அம்பை நேராக்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆட்டக் கமிஷனர், எங்களைத் தேறவைக்கவோ திருப்பி அனுப்பவோ அதிகாரம் உள்ளவர், “யாரு திருப்பினது?” என்றார்.

“ரெண்டு பேரும் சார். அக்கறை ஜாஸ்தியாப் போச்சு” என்றார் சிஸ்டர்.

அதற்குப் பிறகு நான் கடிகாரத்தைச் சரியாக அமுக்கியதுபோல் அதுவரை அமுக்கியதில்லை. இருந்த பயமெல்லாம் செலவாகிப்போயிருந்தது. ஆனால் மனசுக்குள் மூன்று பேருக்கும் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் கமிஷனர் வந்தார். “அவர் திருப்பினத நீங்க பாக்கலயே. எப்படிப் பிடிச்சீங்க?”

“திருப்பியாச்சுன்னு சொன்னேன், பார்த்தேன்னு பதில் வரல, நான் திருப்பிட்டேன்னு வந்துச்சு. சரியான பதில் வரலன்னா ஆஸ்பத்திரியில நாங்க ஊசி போட மாட்டோம் சார்.”

அவர் அம்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இத மத்த டேபிளுக்கும் சொல்லிக் குடுங்க. சீசன் முடியற வரைக்கும் நீங்களே இருங்க.”

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். “நீ மட்டும் இனிமே இடைவேளை முடியறப்ப ரெண்டு கையையும் தொடைக்கடியில வச்சிக்க.”

சீசன் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்தேன். மற்ற மேசைக்காரர்களில் ஒருவர் அதுவும் விதி என்று நினைத்து அதேபோல் உட்கார்ந்ததை நானே கண்டேன். கடைசி ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும் சிஸ்டர் பேனாவை மூடிவிட்டு, ஓரத்தில் கிடந்த ஒரு பந்தை எடுத்துக்கொண்டு கூடைக்கு எதிரே இருந்த கோட்டுக்குப் போனார். முதல் பந்து வளையத்தைத் தொடவே இல்லை. இரண்டாவது தட்டிவிட்டு வந்தது. மூன்றாவது வலையை மட்டும் தொட்டுக்கொண்டு இறங்கியது. அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“பார்த்தேன்” என்றேன். கார்டும் சொன்னான்.

சிஸ்டர் இப்போது நாக்பூரில். அங்கேயும் பெண்களைச் சேர்த்து மேசையில் உட்காரப் பழக்குகிறாராம். அவருக்கும் ஒரு தோல் அம்பு வெட்டி அனுப்பியிருக்கிறேன். புதுச் சீசன் தொடங்கிவிட்டது. அவர் நாற்காலியில் நான். என் கடிகாரத்தில் எங்கள் கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் ஒரு பெண். முதல் ஆட்டத்தின் இடைவேளையில் அம்பைத் திருப்பி வைத்தேன்.

“திருப்பியாச்சு.”

“பார்த்தேண்ணா” என்றவள் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். “கைய அடியில வைங்க. சிஸ்டர் போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க.”

வைத்தேன்.